ஷிரினோவ்ஸ்கியைக் கவனித்து நான் கற்றுக்கொண்டவை

ரஷ்ய அதிபர் தேர்தலில் ஆறு முறை நின்றவர் விளாதிமிர் ஷிரினோவ்ஸ்கி. 1991, 1996, 2000, 2008, 2012, 2018. ஒருமுறைகூட அவர் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. அதிகபட்சமே 2008-இல் வாங்கிய 9.35 சதவீதம்தான். ஆனால் 2022 ஏப்ரலில் அவர் இறந்தபோது மாஸ்கோவில் சங்கங்கள் மாளிகையின் தூண் மண்டபத்தில் உடலை வைத்தார்கள். லெனினுக்கும் ஸ்டாலினுக்கும் மக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்திய அதே மண்டபம். புதின் நேரில் வந்து மலர் வைத்தார். பிறகு நாட்டின் பெரிய மனிதர்களைப் புதைக்கும் நோவோதேவிச்சி கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அதிபர் பதவிக்கான போட்டியில் கடைசிவரை தோற்ற ஒருவருக்கு அந்த அரசு ஏன் இத்தனை மரியாதை செய்தது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், இன்றைய ரஷ்ய அரசியலில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

நான் 1992 இலையுதிர் காலத்தில் மாஸ்கோவுக்குப் படிக்கப் போனவன். மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம். லுமும்பா என்ற பெயரை அந்த ஆண்டுதான் எடுத்திருந்தார்கள், 2023-இல் திரும்பச் சேர்த்தார்கள். படிப்பு முடிந்த பிறகு ரஷ்ய மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்டது. ரஷ்யச் செய்திகளை வாசித்து, யார் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று குறிப்பு எழுதிக் கொடுக்கும் வேலை. அந்த வேலையில் இந்த ஒரு மனிதரைத்தான் மிக அதிகமாகப் பின்தொடர வேண்டியிருந்தது. இப்போது ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளும், வெளிநாட்டு அரசியல் எழுதும் இளைஞர்களும் அவருடைய வீடியோ துண்டுகளை அனுப்பி, "இவர் யார் சார், சொன்னதெல்லாம் நடக்கிறதாமே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946 ஏப்ரல் 25 அன்று கஸக்ஸ்தானின் அல்மா-அத்தாவில் பிறந்தார். பிறந்தபோது குடும்பப் பெயர் எய்டெல்ஷ்டெய்ன். 18 வயதில் ஷிரினோவ்ஸ்கி என்று மாற்றிக்கொண்டார். தந்தை யூதர் என்பதைப் பல ஆண்டுகள் ஒப்புக்கொள்ளாமல் இருந்தார். 2006-இல் இஸ்ரேலுக்குப் போய் அந்தத் தந்தையின் கல்லறை முன் நின்றார். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் துருக்கிய மொழி, பிறகு மாலை வகுப்பில் சட்டம். 1983-இலிருந்து மீர் பதிப்பகத்தில் சட்டப் பிரிவு வேலை. ஆமாம், நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மலிவு விலைக்குக் கிடைத்த தமிழ் அறிவியல் நூல்களை மாஸ்கோவில் அச்சிட்டு அனுப்பிய அதே மீர். என் தலைமுறைத் தமிழ் வாசகர்கள் பலரின் வீட்டு அலமாரியில் அந்தப் பெயர் இருந்தது.

1990 மார்ச்சில் அவருடைய லிபரல் டெமாக்ரடிக் கட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில், வெளியே யாருக்கும் பெரிதாகத் தெரியாத இந்த மனிதர் அதிபர் தேர்தலில் 62 லட்சம் வாக்குகள் வாங்கி மூன்றாவதாக வந்தார். கட்சியை உருவாக்கியதில் உளவுத்துறைக்குப் பங்கு உண்டு என்று கோர்பச்சேவின் நெருங்கிய சகா அலெக்சாந்தர் யாகவ்லெவ் சொன்னார். ஷிரினோவ்ஸ்கி கடைசிவரை மறுத்தார். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. கட்சியை யார் தொடங்கி வைத்திருந்தாலும், அதற்கு வாக்களித்த லட்சக்கணக்கானவர்களை யாரும் செய்து அனுப்பவில்லை. நான் பார்த்தது அவர்களை.

1992 ஜனவரி 2 அன்று ரஷ்ய அரசு பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஒரே ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ 2,500 சதவீதம் ஏறியது. அரசுச் சேமிப்பு வங்கியில் முப்பது ஆண்டு போட்டு வைத்த பணத்தில் ஒரு குளிர்காலச் சப்பாத்துகூட வாங்க முடியாமல் போனது. மெட்ரோ வாசல்களில் பெண்கள் வரிசையாக நின்று வீட்டுப் பாத்திரம், பின்னிய தொப்பி, கணவரின் கோட்டு என்று கையில் பிடித்தபடி விற்பார்கள். கூவி விற்கத் தெரியாதவர்கள், பேசாமல் நிற்பார்கள். எங்கள் விடுதி வாசலில் சாவி வாங்கி வைக்கும் அம்மா ஒரு கருவித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் போதாமல் அந்த நாற்காலிக்கு வந்திருந்தார். என்னை மகனே என்றுதான் கூப்பிடுவார். நான் அங்கே மரியாதைக்கு வழங்கும் முறையில் அவர் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்துச் சொல்வேன். ரஷ்ய மொழியை வகுப்பில் கற்றதைவிட அவரோடு தேநீர் குடித்துத்தான் அதிகம் கற்றேன்.

அந்த அம்மா ஷிரினோவ்ஸ்கிக்கு வாக்களிக்கப்போவதாகச் சொன்னபோது நான் ஆச்சரியப்பட்டு, "அவர் சொல்வதெல்லாம் நடக்கும் என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். "நடக்காது மகனே. மற்றவர்கள் எல்லாம் பொருளாதாரத்தோடு பேசுகிறார்கள். இவன்தான் என்னோடு பேசுகிறான்" என்றார்.

இதை நான் பிறகு நேரிலும் பார்த்தேன். அந்த நாள்களில் சொகோல்னிகி மெட்ரோ நிலையத்துக்கு வெளியே சனிக்கிழமைகளில் அவர் கூட்டம் நடக்கும். சின்னச் சின்ன வாக்கியம். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு. ஜெர்மனியிலிருந்து படை திரும்பியதால் வீடில்லாமல் நிற்கும் ராணுவ அதிகாரிக்கு ஒன்று. சம்பளம் வராத ஆசிரியைக்கு ஒன்று. நேற்றுவரை தன் நாடாக இருந்த இடத்தில் இன்று வெளிநாட்டவராகிவிட்ட, பால்டிக் பகுதியிலும் மத்திய ஆசியாவிலும் வாழும் ரஷ்யர்களுக்கு ஒன்று. தனியாக வாழும் பெண்களுக்குக்கூட ஒன்று. 1993 பிரச்சாரத்தில் தொலைக்காட்சி நேரத்தை வாங்கி இதையே செய்தார்: கேமராவைப் பார்த்து, ஒவ்வொரு நாளும் ஒரு பிரிவினரோடு. அரசுக்கு நெருக்கமான கட்சிக்காரர்கள் அதே திரையில் சீர்திருத்தக் கணக்குகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பழகிக்கொண்ட ஒரு வழக்கத்தை இன்றும் விடவில்லை. இந்த மாதிரி ஒருவரின் பேச்சைக் கேட்கும்போது ஒரு தாளில், அவர் என்ன சொன்னார் என்பதற்குப் பக்கத்தில், யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எழுதுவேன். பேச்சு முடிந்ததும் முதல் பத்தியைவிட இரண்டாவது பத்திதான் உதவும். அந்த நாட்டில் யார் யார் கைவிடப்பட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் அது. எந்த அரசும் அதை அறிக்கையாக வெளியிடாது.

1993 டிசம்பர் 12 இரவு. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளைக் கொண்டாட்டமாக ஒளிபரப்பத் தொலைக்காட்சியில் பெரிய நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருந்தார்கள். தூரக் கிழக்கிலிருந்து முடிவுகள் வர வர அரங்கில் முகங்கள் மாறின. கடைசியில் ஷிரினோவ்ஸ்கியின் கட்சிக்கு 22.92 சதவீதம், முதல் இடம். 1 கோடியே 23 லட்சம் வாக்குகள். சீர்திருத்தவாதிகளின் கட்சிக்கு 15.5 சதவீதம். எழுத்தாளர் யூரி கரியாகின் அந்த நேரலையில் கோபத்தோடு சொன்ன வரி இன்றும் ரஷ்யாவில் மேற்கோளாகச் சொல்லப்படுகிறது: "ரஷ்யாவே, யோசித்துப் பார், உனக்குப் புத்தி கெட்டுவிட்டது!"

அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் விடுதி வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்த அந்த அம்மாவின் முகம் இறுகியதையும் நான் பார்த்தேன். சேமிப்பு போய், வேலை போய், நாடும் போன ஒருவரைப் பார்த்துப் புத்தி கெட்டுவிட்டது என்று சொன்னால் அவர் மறுபடி உங்கள் பக்கம் வருவாரா? ரஷ்யாவின் தாராளவாதிகள் அந்த ஓட்டாளர்களோடு பேசும் வாய்ப்பை அந்த இரவில் பெருமளவு இழந்தார்கள் என்றே நினைக்கிறேன். பிறகு அந்த இடத்தைக் கிரெம்ளின், அதாவது அதிபர் தரப்பு, எடுத்துக்கொண்டது.

அதே நாளில் நடந்த இன்னொன்றை அன்று பலர் கவனிக்கவில்லை. அதிபருக்குப் பேரதிகாரம் தரும், அப்போதைய அதிபர் யெல்ட்சினின் புதிய அரசியலமைப்புக்கும் அன்றுதான் பொதுவாக்கெடுப்பு. 58 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. தன்னை எதிர்த்த நாடாளுமன்றத்தின் கட்டடத்தை யெல்ட்சின் பீரங்கியால் சுட்டு இரண்டு மாதம் சொச்சமே ஆகியிருந்த நேரம். கம்யூனிஸ்டுகள் அந்த வரைவை எதிர்த்தார்கள். ஷிரினோவ்ஸ்கி ஆதரித்தார். மேடையில் யெல்ட்சினைத் திட்டிக்கொண்டே, யெல்ட்சினுக்கு மிகவும் தேவைப்பட்ட ஒன்றுக்கு வாக்குச் சேர்த்துக் கொடுத்தார். அவருடைய முழு அரசியலும் அந்த ஒரு நாளுக்குள் இருக்கிறது.

அவர் பேச்சையும் வாக்குப்பதிவையும் நான் எப்போதும் தனித்தனி நோட்டில் வைத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். 1999 மே மாதம் யெல்ட்சினைப் பதவிநீக்கம் செய்ய டூமாவில், அதாவது ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையில், தீர்மானம் வந்தது. ஐந்து குற்றச்சாட்டுகள். அவற்றில் ஒன்று சோவியத் ஒன்றியத்தைக் கலைத்தது. இன்னொன்று ராணுவத்தைப் பலவீனப்படுத்தியது. ஷிரினோவ்ஸ்கி ஆண்டுக்கணக்காக மேடையில் சொன்ன குற்றச்சாட்டுகளே இவை. வாக்கெடுப்பு வந்தபோது அவருடைய அணி ஆதரவு தரவில்லை. எந்தக் குற்றச்சாட்டுக்கும் தேவையான 300 வாக்குகள் சேரவில்லை. 90-களில் அரசின் வரவுசெலவுத் திட்டங்களுக்கும் இதே அணி பலமுறை கைகொடுத்திருக்கிறது. 2014-இல் கிரீமியாவை ரஷ்யாவோடு இணைத்தது, 2020-இல் புதின் மேலும் இரண்டு முறை நிற்க வழிசெய்த அரசியலமைப்புத் திருத்தம் என்று முக்கியமான இடங்களில் எல்லாம் அவர் வாக்கு கிரெம்ளின் பக்கமே விழுந்தது. விதிவிலக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை: 2018-இல் ஓய்வுபெறும் வயதை உயர்த்தும் சட்டத்தை அவருடைய கட்சி எதிர்த்து வாக்களித்தது.

டூமாவின் வாக்குப்பதிவு விவரங்களும் அவை நடவடிக்கைக் குறிப்புகளும் தேதிவாரியாக இணையத்தில் இருக்கின்றன. ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் இயந்திர மொழிபெயர்ப்பை வைத்து ஓரளவு வாசித்துவிடலாம். ஒரு தலைவரைப் பற்றி எழுதப்போகும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலில் வாக்குப்பதிவை எடுங்கள், பிறகு பேச்சைக் கேளுங்கள். பேச்சை முதலில் கேட்டால் மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

வீடியோ துண்டுகளைப் பற்றி. 1995 ஜூனில் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் ஷிரினோவ்ஸ்கி, அப்போது நீஷ்னி நோவ்கரத் ஆளுநராக இருந்த பரீஸ் நெம்த்சோவ் மீது ஆரஞ்சுச் சாற்றை ஊற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் டூமாவுக்குள் நடந்த கைகலப்பில் ஒரு பெண் உறுப்பினரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். இரண்டு காட்சிகளும் உலகம் முழுக்கப் போயின, இன்றும் சுற்றுகின்றன. அந்த ஜூன் மாதத்தில்தான் புத்யோனவ்ஸ்க் நகர மருத்துவமனையில் செச்சென் ஆயுதக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பணயமாகப் பிடித்து வைத்தது, நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அரசே ஆட்டம் கண்டது. அந்த மாதத்தைப் பற்றி ரஷ்யா அறியாத ஒருவரிடம் கேட்டால் அவருக்கு ஆரஞ்சுச் சாறுதான் தெரிந்திருக்கிறது. எனவே அவர் வீடியோ எது வந்தாலும், அது எந்த வாரத்தில் நடந்தது, அந்த வாரத்தில் நாட்டில் வேறு என்ன நடந்தது என்று தேடிவிட்டுத்தான் நான் மேலே போவேன். கொஞ்ச நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பல நேரம் வீடியோவைவிட முக்கியமான விஷயம் அங்கேதான் அகப்படும்.

எங்கள் விடுதியில் இந்தியர்களை அதிகம் குழப்பியது அவர் 1993-இல் வெளியிட்ட "தெற்கு நோக்கிய கடைசிப் பாய்ச்சல்" என்ற புத்தகம். ரஷ்யச் சிப்பாய்கள் இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரில் தங்கள் பூட்ஸைக் கழுவும் நாளைப் பற்றி அவர் கனவு கண்டார். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகப் போகும் கனவு அது. எங்களில் சிலர் சிரித்தார்கள். ஆப்கன் போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "இப்படிப்பட்ட வரைபடத்தை யாராவது ஒருவர் வரைவார், பிறகு வேறு ஒருவர் பையன்களை அனுப்புவார்" என்று சொன்னார். அவர் சொன்னதன் கனம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுதாகத் தெரிந்தது.

இந்த மாதிரிப் பேச்சு தெருவில் என்ன செய்யும் என்பதைக் கறுத்த தோலோடு அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்க வேண்டும். வீட்டு வாடகை விளம்பரங்களில் ஸ்லாவ் இனத்தவருக்கு (ரஷ்யர் போன்றவர்களுக்கு) மட்டும் என்று வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். ஒரு வீட்டுக்காரர் தொலைபேசியில் என் ரஷ்ய மொழியைப் பாராட்டிவிட்டு, நேரில் பார்த்ததும் வீடு ஏற்கெனவே போய்விட்டது என்றார். 2000-களில் மொட்டைத்தலைக் கும்பல்களின் தாக்குதல்கள் கூடியபோது, ஹிட்லர் பிறந்த நாளான ஏப்ரல் 20-ஐ ஒட்டி வெளிநாட்டு மாணவர்கள் விடுதியை விட்டு வெளியே போகாமல் இருப்பது வழக்கமானது. அந்தக் கும்பல்களை ஷிரினோவ்ஸ்கி அனுப்பினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாடாளுமன்றத்தின் துணைத் தலைவர் நாற்காலியில் 2000 முதல் 2011 வரை உட்கார்ந்திருந்த ஒருவர், முன்பு வீட்டுச் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசியதைத் தொலைக்காட்சியில் உரக்கப் பேசினார். 2013 அக்டோபரில், அரசுத் தொலைக்காட்சி விவாதத்தில், ரஷ்யாவின் தெற்கில் உள்ள வடக்குக் காக்கசஸைக் கம்பி வேலி போட்டுப் பிரிக்க வேண்டும், அங்கே பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார். தன் சொந்த நாட்டுக் குடிமக்களைப் பற்றி! கண்டனங்கள் வந்தன, அவர் பதவியில் தொடர்ந்தார். ஒவ்வொரு முறையும் அப்படித் தொடர்ந்ததுதான் கேட்பவர்களுக்கு அனுமதிச் சீட்டானது.

அங்கே படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் இரண்டு வார்த்தை. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று யாரையும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் தர்க்கம் பண்ணாமல் ஏன் என்று மட்டும் கேளுங்கள். அரசியல் கூட்டம், ஊர்வலம் நடக்கும் இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். நான் சொகோல்னிகியில் நின்று கேட்டது வேறு காலம். இன்று வெளிநாட்டு மாணவருக்கு விசாவே போய்விடும். கையில் பாஸ்போர்ட் நகலும் பதிவுச் சீட்டும் எப்போதும் இருக்கட்டும். அப்புறம், வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களோடு பழகுங்கள். நல்லது கெட்டதில் முதலில் ஓடி வருபவர்கள் அவர்கள்தான்.

சரி, தோற்பது உறுதி என்று தெரிந்தும் ஒருவர் எப்படி ஆறு முறை நிற்க முடிகிறது? ஆசை மட்டும் போதாது, சட்டம் இடம் கொடுக்க வேண்டும். டூமாவில் இடம் பெற்ற கட்சியின் வேட்பாளர் கையெழுத்துச் சேகரிக்கத் தேவையில்லை. மற்றவர்கள் லட்சக்கணக்கில் சேகரிக்க வேண்டும், அதைத் தேர்தல் ஆணையம் ஒவ்வொன்றாகச் சோதித்து நிராகரிக்கலாம். 2012-இல் சுயேச்சைகளுக்கும் டூமாவுக்கு வெளியே இருந்த கட்சிகளுக்கும் 20 லட்சம் கையெழுத்து என்று விதி; தாராளவாதத் தலைவர் கிரிகோரி யவ்லின்ஸ்கியை அந்தக் காரணத்தால்தான் வெளியே நிறுத்தினார்கள். 2008, 2012, 2018 தேர்தல்களில் ஷிரினோவ்ஸ்கிக்கு அந்தக் கதவு திறந்தே இருந்தது. 2004-இல் தான் நிற்காமல் தன் மெய்க்காவலராக இருந்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஒலெக் மாலிஷ்கினை நிறுத்தினார். அவருக்குக்கூட 2 சதவீதம் கிடைத்தது. கோபமாக இருக்கும் ஓட்டாளருக்கு வாக்குச்சீட்டில் ஒரு பெயர் வேண்டும். அந்தக் கோபம் ஆட்சியை அசைக்காத இடத்தில் போய் விழ வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்து கொடுத்தார் அவர். எந்த நாட்டிலும் இப்படி நிரந்தர வேட்பாளர் ஒருவரைப் பார்த்தால், அவர் ஏன் நிற்கிறார் என்று கேட்பதைவிட, அவரை நிற்க விட்டு யாரைத் தடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்த ஏற்பாடு ஒரே ஓர் இடத்தில் உடைந்தது. கபாரவ்ஸ்க், தூரக் கிழக்கில், சீன எல்லையோரம். 2018 செப்டம்பரில், ஓய்வூதியக் கோபம் கொதித்த நேரத்தில், ஷிரினோவ்ஸ்கி கட்சியின் செர்கேய் ஃபுர்கால் இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் வாங்கி ஆளுநரானார். தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார், மக்களிடம் பேர் வாங்கினார். அடுத்த ஆண்டு மாகாணச் சட்டமன்றமும் அந்தக் கட்சியின் கைக்கு வந்தது. கோபத்தைத் தேக்கி வைக்க ஒதுக்கிய கட்சி நிஜமாகவே ஆளத் தொடங்கிவிட்டது. 2020 ஜூலை 9 அன்று, பழைய கொலை வழக்குகளைச் சொல்லி ஃபுர்காலைக் கைது செய்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். கபாரவ்ஸ்க் மக்கள் பல்லாயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து, சனிக்கிழமைதோறும் மாதக்கணக்கில் நடந்தார்கள்.

அன்று டூமாவில் ஷிரினோவ்ஸ்கி கத்தியதை நான் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஸ்டாலின் காலம்போல் நடக்கிறீர்கள், எங்கள் அணி முழுதும் பதவி விலகும் என்றார். குரலில் நிஜமான அடி இருந்தது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வாக்களித்து முடித்த கையோடு தன் ஆளைக் கொண்டுபோகிறார்களே என்ற வலி. யாரும் பதவி விலகவில்லை. பதினோராம் நாள் புதின் இடைக்கால ஆளுநராக மிகாயில் தெக்தியாரோவை நியமித்தார். அவரும் ஷிரினோவ்ஸ்கி கட்சிக்காரரே. கட்சி ஏற்றுக்கொண்டது. தெருவில் நின்ற மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. 2023-இல் ஃபுர்காலுக்கு 22 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஷிரினோவ்ஸ்கியின் முப்பதாண்டு அரசியலில் எனக்கு மிகவும் மனவருத்தம் தந்த அத்தியாயம் இது. தன்னை உண்மையாக நம்பி வாக்களித்த மக்கள் பக்கம் நிற்க அவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அன்று வந்தது. எழுபத்து நான்கு வயதில், இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லாத நிலையில்கூட அவர் அதை எடுக்கவில்லை.

இப்போது அந்தத் "தீர்க்கதரிசி" வீடியோ. 2021 டிசம்பர் 27 அன்று டூமாவில், 2022 அமைதியான ஆண்டாக இருக்காது, பிப்ரவரி 22 அதிகாலை நான்கு மணிக்கு நீங்கள் எங்கள் புதிய கொள்கையை உணர்வீர்கள் என்று சொன்னார். பிப்ரவரி 24 அதிகாலையில் உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கியது. இரண்டு நாள் தள்ளி. உடனே அவர் முக்காலமும் உணர்ந்தவர் ஆகிவிட்டார். தமிழில் வசனம் போட்ட துண்டுகளும் வந்தன. இதை வாசிக்க வேண்டிய முறை இப்படி: அந்த இலையுதிர் காலத்திலிருந்தே எல்லையில் படை குவிவது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. அவர் டூமா அணித் தலைவர். அதிகார வட்டத்தின் மனநிலையை அருகில் இருந்து உணர்ந்தவர். போரை வேண்டும் என்று பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தவர். அவர் சொன்ன மற்றவற்றையும் எடுத்து வையுங்கள். 1991 ஆகஸ்ட் ஆட்சிக்கவிழ்ப்பை ஆதரித்தார், அது மூன்று நாளில் சரிந்தது. தேர்தல்தோறும் தானே அதிபர் என்றார். நூறு அம்பில் இலக்கில் விழுந்த ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினால் யாரும் வில்லாளியாகத்தான் தெரிவார்கள்.

என்னை உறுத்துவது அந்தத் தேதி இல்லை. 1993-இல் கோமாளித்தனம் என்று ஒதுக்கிய வார்த்தைகளில் பல, 2014-க்குப் பிறகு அரசின் மொழியாகவே மாறியிருந்தன. அவர் கட்சியின் வாக்கு 23 சதவீதத்திலிருந்து 2021-இல் ஏழரைக்கு இறங்கியிருந்தது. அவர் சொன்னதை ஆட்சியே சொல்லத் தொடங்கிய பிறகு, அவருக்குத் தனியாக வாக்களிக்க என்ன காரணம் இருக்கிறது? எனவே ஓர் அரசியல்வாதியின் செல்வாக்கை அளக்க வாக்குச் சதவீதத்தோடு இன்னொரு பத்தியையும் வையுங்கள்: அவர் முதலில் சொன்ன சொற்றொடர், அதை ஆளும் கட்சிக்காரர் முதலில் சொன்ன ஆண்டு. நான் இதை ரஷ்யாவுக்குச் செய்துவருகிறேன். எந்த நாட்டுக்கும் செய்யலாம்.

2022 பிப்ரவரி தொடக்கத்தில் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். எட்டு முறை தடுப்பூசி போட்டிருந்ததாக முன்பு சொல்லியிருந்தார். ஏப்ரல் 6 அன்று இறந்த செய்தி வந்தது. கட்சியின் அடுத்த தலைவர் லியோனித் ஸ்லுத்ஸ்கி. 2023-இல் கட்சி அவருடைய பேச்சுகளைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு ஷிரினோவ்ஸ்கியைக் காட்சிக்கு வைத்தது. 2024 அதிபர் தேர்தலில் ஸ்லுத்ஸ்கிக்குக் கிடைத்தது 3.2 சதவீதம், நான்கு பேரில் கடைசி.

ஆனால் கட்சி இன்னும் டூமாவில் இருக்கிறது, அந்தக் கையெழுத்து விலக்கும் இருக்கிறது. 2026 செப்டம்பர் டூமா தேர்தல் முடிவுகளைப் பார்க்கும்போது மொத்தச் சதவீதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மத்தியத் தேர்தல் ஆணையத்தின் மாகாணவாரிப் பட்டியலைத் திறந்து, கபாரவ்ஸ்க் வரியில் எத்தனை பேர் வாக்களிக்க வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று பாருங்கள். 2018 ஆளுநர் தேர்தல், 2021 டூமா தேர்தல் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.